கம்பியின் சரித்திரம் – 21: செலவா, முதலீடா?

2008 நவம்பர் 26. ஆஸ்திரேலியா முழுவதற்கும் அதிவேக இணையக் கட்டமைப்பை அமைக்கும் வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி தாக்கல் செய்யக் கடைசி நாள். வெல்பவருக்குத் துணையாக 470 கோடி டாலர் போடுவதாக அரசு சொல்லியிருந்தது. (இந்த அத்தியாயத்தில் டாலர் என்றால் ஆஸ்திரேலிய டாலர்.) ஆப்டஸ், ஆக்சியா, அகேஷியா எனப் போட்டியாளர்கள் விரிவான திட்டங்களோடு வந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான டெல்ஸ்ட்ரா கொடுத்தது 12 பக்கக் கடிதம்.

அதில் அலட்சியத்தைவிடக் கணக்கே அதிகம் இருந்தது. ஆஸ்திரேலிய வீடுகளுக்குள் நுழையும் செப்புக் கம்பி டெல்ஸ்ட்ராவுடையது. அந்தக் கம்பி செல்லும் நிலத்தடிக் குழாய், தெருவோரக் குழி, தொலைபேசி நிலையம் எல்லாமே அதன் சொத்து. தன்னை விட்டுவிட்டு யாராலும் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று அதன் தலைமை அதிகாரி சோல் ட்ருஹியோ நம்பினார். நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க மாட்டோம் என்று அரசு உறுதி தரட்டும், மற்றதைப் பிறகு பேசுவோம் என்பது அவர் நிலை.

டிசம்பர் 15ஆம் தேதி அரசு டெல்ஸ்ட்ராவைப் போட்டியிலிருந்து நீக்கியது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு வேலையில் பங்கு கொடுக்கும் திட்டத்தை இணைக்கவில்லை என்பது காரணம். விதிமுறைப்படி அது கட்டாய இணைப்பு. அன்று ஒரே நாளில் டெல்ஸ்ட்ராவின் பங்கு விலை ஏறக்குறைய 12 சதவீதம் சரிந்தது.

ஒரு மாதம் கழித்து, இன்னொரு அடி. இந்த முறை அரசுக்கு. ஒப்பந்தப்புள்ளிகளை ஆராய்ந்த நிபுணர் குழு, மிஞ்சியிருந்த போட்டியாளர்களில் ஒருவரும் போடும் பணத்துக்குத் தகுந்த திட்டம் தரவில்லை என்று கையை விரித்தது. தேர்தலில் கொடுத்த வாக்குறுதி நின்றது. நிறைவேற்ற ஆள் இல்லை. இந்த முட்டுச்சந்திலிருந்துதான் ஆஸ்திரேலிய வரலாற்றின் மிகப் பெரிய பொதுப்பணித் திட்டங்களில் ஒன்று பிறந்தது.

விற்றது யார்?

ஆஸ்திரேலியாவில் கம்பி இழுப்பது தொடக்கம் முதலே அரசாங்கத்தின் வேலை. தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை பாலைவனத்தின் நடுவே சுமார் 3,200 கிலோமீட்டர் தந்திக் கம்பியைத் தெற்கு ஆஸ்திரேலிய அரசு இரண்டே ஆண்டுகளில் இழுத்து முடித்ததும், 1872இல் சார்லஸ் டாட் அதை உலகத்தோடு இணைத்ததும் இத்தொடரின் தொடக்க அத்தியாயங்களில் வந்தன. 1901இல் குடியேற்றங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே நாடானபோது அஞ்சல், தந்தி, தொலைபேசி ஆகிய மூன்றும் மத்திய அரசின் பொறுப்பு என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள். 1975 வரை அஞ்சல் துறையே தொலைபேசியையும் நடத்தியது. அந்த ஆண்டு டெலிகாம் ஆஸ்திரேலியா தனியாகப் பிரிந்தது. பிறகு அதுவே டெல்ஸ்ட்ரா ஆனது.

1990களின் தொடக்கத்தில் ஆப்டஸைப் போட்டிக்கு அனுமதித்தார்கள். போட்டி வந்தால் கட்டமைப்பு தானாகப் பெருகும் என்பது அப்போதைய நம்பிக்கை. பெருகியது உண்மைதான், ஆனால் ஒரே இடத்தில். கேபிள் டிவிக்காக இரண்டு நிறுவனங்களும் பெருநகரங்களின் அதே தெருக்களில், அதே வீட்டு வாசல்களைக் கடந்து, அக்கம்பக்கமாகக் கேபிள் இழுத்தன. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இரட்டைக் கேபிள் வசதி வந்தது. நகர எல்லையைத் தாண்டியவர்களுக்கு ஒன்றுகூட வரவில்லை.

அதன்பின் விற்பனை தொடங்கியது. ஜான் ஹவார்ட் அரசு 1997இல் டெல்ஸ்ட்ராவின் மூன்றில் ஒரு பங்கைச் சந்தையில் விற்றது. 1999இல் இரண்டாவது தவணையாக ஒரு பங்கை 7.40 டாலருக்கு விற்றது. 2006இல் மூன்றாவது தவணை வந்தபோது விலை 3.60 டாலர். எஞ்சிய பங்குகள் எதிர்கால நிதியம் என்ற அரசு நிதியத்துக்குப் போயின. மூன்று தவணைகளிலும் அரசுக்குக் கிடைத்த தொகை 4,500 கோடி டாலருக்கு மேல்.

விற்ற விதத்தில்தான் சிக்கல் இருந்தது. கம்பியை வைத்திருக்கும் பிரிவையும் வாடிக்கையாளருக்குச் சேவை விற்கும் பிரிவையும் பிரிக்காமல், முழுசாக ஒரே நிறுவனமாக விற்றார்கள். அப்படி விற்றால்தான் நல்ல விலை கிடைக்கும். விளைவு, டெல்ஸ்ட்ராவின் போட்டியாளர்கள் எல்லோரும் டெல்ஸ்ட்ராவிடமே கம்பியை வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. வாடகை எவ்வளவு, யாருக்கு எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் போட்டி ஆணையத்தில் வழக்கு, எதிர்வழக்கு. 2005–06இல் டெல்ஸ்ட்ரா தெருமுனைப் பெட்டி வரை கண்ணாடி இழை போடத் தானே முன்வந்தது. மற்ற நிறுவனங்களுக்கு அதை என்ன விலைக்குத் திறந்துவிட வேண்டும் என்பதில் ஆணையத்தோடு ஒத்துப்போக முடியாமல் 2006 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தைச் சுருட்டி வைத்தது.

2007 தேர்தலில் கெவின் ரட் தலைமையிலான தொழிற்கட்சி பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். 98 சதவீத மக்களுக்கு நொடிக்கு 12 மெகாபிட் வேகம். அரசின் பங்கு 470 கோடி டாலர். மீதியைத் தனியார் போடுவார்கள். அந்த 470 கோடியின் ஒரு பகுதி, டெல்ஸ்ட்ரா விற்பனையில் சேர்ந்த நிதியத்திலிருந்தே எடுக்கப்பட இருந்தது.

நடுவானில் ஓர் ஆலோசனை

நிபுணர் குழுவும் போட்டி ஆணையமும் சொன்னதில் இரண்டு செய்திகள் அரசை உலுக்கின. முதலாவது, சட்டம் தொடர்பானது. தெருமுனை வரை கண்ணாடி இழை, அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செப்புக் கம்பி என்ற திட்டத்தை டெல்ஸ்ட்ரா அல்லாத யார் செய்தாலும், டெல்ஸ்ட்ராவின் கம்பியை இடையில் வெட்டியாக வேண்டும். தனியார் சொத்தை எடுத்தால் நியாயமான ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தின் விதி. அந்த ஈடு எத்தனை நூறு கோடிக்குப் போகும் என்று யாராலும் அறுதியிட முடியவில்லை. இரண்டாவது, தொழில்நுட்பம் தொடர்பானது. தெருமுனைப் பெட்டிகளுக்குச் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி, பின்னாளில் வீடு வரை இழை போடும்போது உதவாது என்று போட்டி ஆணையம் எச்சரித்தது.

போதாக்குறைக்கு உலக நிதி நெருக்கடி. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்த பிறகு, பெருந்தொகை கடன் கொடுக்க எந்த வங்கியும் முன்வரவில்லை. ‘மீதியைத் தனியார் போடுவார்கள்’ என்ற பாதி வாக்கியம் காற்றில் போயிற்று.

2009 ஜனவரியில் தகவல் தொடர்பு அமைச்சர் ஸ்டீபன் கான்ராய்க்குப் பிரதமரிடம் பேச நேரம் கிடைக்கவில்லை. ரட் பயணம் செய்த விமானத்திலேயே அவரும் ஏறிக்கொண்டார். செப்புக் கம்பியை மறந்துவிட்டு வீடு வரை கண்ணாடி இழை போட்டுவிடலாம், ஈட்டுத்தொகைச் சிக்கலே எழாது என்ற யோசனை அந்தப் பயணங்களில் உருப்பெற்றது. காகிதக் கைக்குட்டையில் போட்ட திட்டம் என்று எதிர்க்கட்சிகள் பல ஆண்டுகள் கேலி பேசியதற்கு அடிப்படை இந்த விமானப் பயணம்தான்.

ஏப்ரல் 7ஆம் தேதி கான்பெராவில் ரட், கான்ராய், கருவூல அமைச்சர் வேய்ன் ஸ்வான், நிதி அமைச்சர் லிண்ட்சே டேனர் நால்வரும் செய்தியாளர்கள் முன் நின்றார்கள். அரசே ஒரு நிறுவனம் தொடங்கும். எட்டு ஆண்டுகளில் 4,300 கோடி டாலர் செலவில் 90 சதவீத வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் நேரடியாகக் கண்ணாடி இழை. நொடிக்கு 100 மெகாபிட். மற்றவர்களுக்குக் கம்பியில்லா இணைப்பும் செயற்கைக்கோளும். தனியார் 49 சதவீதம் வரை பங்கு எடுக்கலாம். வேலை முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அரசு தன் பங்கையும் விற்றுவிடும். பொதுமக்கள் வாங்கக் கடன் பத்திரங்களும் வரும். இரண்டே நாளில் நிறுவனம் பதிவானது. அதன் பெயரே என்.பி.என்.

470 கோடி எப்படி 4,300 கோடி ஆனது என்று கேட்டவர்களைவிட, அந்தப் பணம் பட்ஜெட்டில் ஏன் கண்ணில் படவில்லை என்று கேட்டவர்கள் கூர்மையானவர்கள்.

பேரேட்டின் எந்தப் பக்கம்?

ஓர் அரசு கிராமத்துச் சாலைக்கு 100 கோடி மானியம் கொடுத்தால் அது செலவு. அந்த ஆண்டின் பற்றாக்குறை 100 கோடி கூடும். அதே 100 கோடியைப் போட்டு ஒரு கம்பெனி தொடங்கி, அதன் பங்குகளைத் தன் பெயரில் வைத்துக்கொண்டால் கணக்கு வேறு. கையிலிருந்த ரொக்கம் பங்காக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சொத்து குறையவில்லை, ஆகவே, எல்லோரும் உற்றுப் பார்க்கும் பற்றாக்குறை எண்ணில் அது ஏறாது. கடன் வாங்கித்தான் பங்கு வாங்கினார்கள் என்றாலும், வட்டி மட்டுமே செலவுக் கணக்கில் வரும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கம்பெனி உண்மையிலேயே லாபம் ஈட்டித் தரும் என்று நம்பத்தகுந்த கணக்கு காட்ட வேண்டும். லாபமே வராது என்று தெரிந்தால் அது முதலீடு என்ற பெயரில் கொடுத்த மானியம். செலவுப் பக்கம்தான் எழுத வேண்டும்.

ஆகவே லாபக் கணக்கு தேவைப்பட்டது. கே.பி.எம்.ஜி.யும் மெக்கின்சியும் 2.5 கோடி டாலர் கட்டணத்தில் செய்த செயலாக்க ஆய்வு 2010 மே மாதம் வெளியானது. அரசு உச்சகட்டமாக 2,600 கோடி டாலர் போட வேண்டியிருக்கும், ஆண்டுக்கு 6 முதல் 7 சதவீதம் வருவாய் கிடைக்கும், அரசு வாங்கும் கடனின் வட்டியை அது ஈடுகட்டிவிடும் என்றது ஆய்வு. டிசம்பரில் நிறுவனம் வெளியிட்ட முதல் திட்ட அறிக்கையில் கட்டுமானச் செலவு 3,590 கோடி, அரசின் பங்கு மூலதனம் 2,750 கோடி, வருவாய் விகிதம் 7 சதவீதம். மீதிப் பணத்தைத் தனியார் கடனாகத் திரட்டுவது திட்டம்.

செய்யப்படாத ஆய்வு ஒன்றும் இருந்தது. நாட்டுக்கு இதனால் மொத்தத்தில் என்ன பயன், அதே பணத்தை வேறு வழியில் போட்டால் என்ன பயன் என்று ஒப்பிடும் செலவு–பயன் ஆய்வை அரசு செய்ய மறுத்தது. மருத்துவம், கல்வி, தொழில் என நாளை முளைக்கப்போகும் பயன்களை இன்று எண்ணிவிட முடியாது என்பது கான்ராயின் பதில். நிறுவனத்துக்கு லாபம் வருமா என்று பார்த்தவர்கள், நாட்டுக்கு லாபமா என்று பார்க்கவில்லை. எதிர்க்கட்சியின் தகவல் தொடர்புப் பொறுப்பாளராக 2010 செப்டம்பரில் அமர்ந்த மால்கம் டர்ன்புல் இந்த ஓட்டையை விடவே இல்லை. இணையத் துறையில் முதலீடு செய்து சம்பாதித்தவர் என்பதால் அவர் சொல்லுக்கு எடையும் இருந்தது.

பதினேழு நாள்

2010 ஆகஸ்ட் 21 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ரட்டின் இடத்துக்கு வந்திருந்த ஜூலியா கில்லார்டும், எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட்டும் ஒரு கைப்பிடி சுயேச்சைகளின் வீட்டு வாசலில் நின்றார்கள். பதினேழு நாள் பேச்சுவார்த்தை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நாட்டுப்புறத் தொகுதிகளைச் சேர்ந்த டோனி விண்ட்சரும் ராப் ஓக்‌ஷாட்டும் செப்டம்பர் 7ஆம் தேதி கில்லார்ட் பக்கம் சாய்ந்தார்கள். விண்ட்சர் தன் முடிவுக்குச் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, இந்த இணையத் திட்டம்.

பதிலுக்கு அவர்கள் பெற்றவை சாதாரணமானவை அல்ல. கட்டுமானத்தில் நாட்டுப்புறத்துக்கு முன்னுரிமை. சிட்னியின் நடுவில் இருப்பவருக்கும் வெளிப்புறச் செம்மண் பிரதேசத்தில் இருப்பவருக்கும் ஒரே மொத்த விற்பனை விலை. விண்ட்சரின் தொகுதியில் இருந்த ஆர்மிடேல் நகரில், 2011 மே மாதம் பிரதான நிலப்பரப்பின் முதல் இணைப்பைக் கில்லார்ட் தொடங்கிவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டே தாஸ்மேனியாவின் மூன்று ஊர்களில் சேவை வந்துவிட்டது.

ஒரே விலை என்பது கேட்க எளிது. ஆள் நடமாட்டமற்ற பரப்பில் ஓர் இணைப்புக்கு ஆகும் செலவு நகரத்தைப் போலப் பல மடங்கு. அந்த வித்தியாசத்தை நகரத்து வாடிக்கையாளர் கட்டணத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். நகரத்தில் இன்னொரு நிறுவனம் மலிவாகக் கம்பி இழுத்துவிட்டால் இந்த ஏற்பாடு கவிழ்ந்துவிடும். எனவே லாபமான தெருக்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் புதுக் கம்பி போடுவதற்குச் சட்டம் கடிவாளமிட்டது. போட்டியை வளர்ப்பதற்காக அரசு தொடங்கிய நிறுவனம், போட்டியிலிருந்து பாதுகாக்கப்பட வேண்டிய நிறுவனமாயிற்று.

டெல்ஸ்ட்ராவோடும் சமரசம் வந்தது. ட்ருஹியோ 2009லேயே கிளம்பிவிட்டார். மொத்த விற்பனையையும் சில்லறை விற்பனையையும் பிரித்துக்கொள்ளாவிட்டால் புதிய அலைக்கற்றை கிடையாது என்று அரசு சட்டத்தை நீட்டியது. 2011 ஜூனில் கையெழுத்தான ஒப்பந்தப்படி டெல்ஸ்ட்ரா தன் குழாய்களையும் குழிகளையும் என்.பி.என்.னுக்கு வாடகைக்கு விடும். செப்புக் கம்பி வாடிக்கையாளர்களைப் படிப்படியாகப் புதிய கட்டமைப்புக்கு மாற்றிவிடும். இதற்கு ஈடு, அன்றைய மதிப்பில் கணக்கிட்டால், 1,100 கோடி டாலர். ஆப்டஸும் தன் கேபிள் வாடிக்கையாளர்களை அனுப்பிவைக்க 80 கோடி பெற்றது. 1997 முதல் 2006 வரை அரசு விற்ற அதே நிலத்தடிக் குழாய்களுக்கு, அரசின் நிறுவனம் இப்போது வாடகை கட்டத் தொடங்கியது.

மண்ணுக்கு அடியில்

கணக்குப் புத்தகத்தில் ஓடிய வேகத்தில் மண்வெட்டி ஓடவில்லை. 2011 ஏப்ரலில் 14 கட்டுமான நிறுவனங்கள் கேட்ட விலை அதிகம் என்று அந்த ஒப்பந்தப்புள்ளியையே நிறுத்தினார்கள். திரும்பப் பேசி ஆள் பிடித்த பிறகும் ஒப்பந்தக்காரர்கள் திணறினார்கள். உள் ஒப்பந்தக்காரர்களுக்குக் கூலி கட்டுபடியாகவில்லை. 2013இல் டெல்ஸ்ட்ராவின் பழைய குழிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது பெரிய விவகாரமாகி வேலை நின்றது. 2013 ஜூனுக்குள் 3,41,000 வீடுகளைக் கண்ணாடி இழை எட்டும் என்று 2012இல் திருத்திய இலக்கையும் மறுபடி குறைத்து, இரண்டு லட்சத்துக்கு அக்கம்பக்கம் கொண்டுவந்தார்கள். நாட்டில் இணைக்க வேண்டிய இடங்கள் ஒரு கோடிக்கும் மேல்.

2013 ஏப்ரலில் அபாட்டும் டர்ன்புல்லும் மாற்றுத் திட்டத்தை வெளியிட்டார்கள். தெருமுனை வரை இழை, பிறகு பழைய செப்புக் கம்பி. 2016க்குள் எல்லோருக்கும் குறைந்தது 25 மெகாபிட். ஆகும் நிதி 2,950 கோடி. தொழிற்கட்சி வழியில் போனால் 9,400 கோடி ஆகிவிடும் என்றார்கள். செப்டம்பரில் ஆட்சி மாறியது. டர்ன்புல் அமைச்சரானார்.

டிசம்பரில் வந்த மறுஆய்வு இரு தரப்புக் கணக்கையும் கலைத்தது. முழுக் கண்ணாடி இழைக்கு 7,300 கோடி ஆகும். செப்பு, கேபிள், இழை எல்லாம் கலந்து போட்டால் 4,100 கோடி போதும். 2016 என்ற வாக்குறுதி அத்தோடு போயிற்று. பல தொழில்நுட்பக் கலவை என்று புதுத் திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். அரசின் பங்கு மூலதனம் 2,950 கோடிக்கு மேல் ஒரு காசு கூடாது என்று உச்சவரம்பு கட்டினார்கள். 2014இல், இவ்வளவு நாள் செய்யப்படாத செலவு–பயன் ஆய்வும் நடந்தது. முழு இழையைவிடக் கலவைத் திட்டத்தில் நாட்டுக்கு 1,600 கோடி நிகர லாபம் அதிகம் என்றது அது. மக்களின் இணையத் தேவை எவ்வளவு வேகமாக வளரும் என்று ஆய்வாளர்கள் வைத்த ஊகம் மிகக் குறைவு என்று தொழில்நுட்பத் துறையினர் வாதாடினார்கள்.

பழைய கம்பியை வாங்குவதில் பழைய கம்பியின் நோயும் சேர்ந்து வரும். 2014 டிசம்பரில் டெல்ஸ்ட்ராவின் செப்பும் கேபிளும், ஆப்டஸின் கேபிளும் என்.பி.என். வசம் வந்தன. அடுத்த ஆண்டு, பெட்டிகளைச் செப்போடு இணைக்க 1,800 கிலோமீட்டர் புதுச் செப்புக் கம்பியை 1.4 கோடி டாலருக்கு நிறுவனம் வாங்கியது செனட் விசாரணையில் வெளிவந்தது. ஆப்டஸின் கேபிளோ எதிர்பார்த்ததைவிட மோசம். ரெட்கிளிஃப் என்ற ஒரு குவின்ஸ்லாந்துப் பகுதியைத் தவிர மற்ற இடங்களில் அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2016இல் கைவிட்டார்கள்.

ஏழு சதவீதத்தின் விலை

இரண்டு கட்சிகளும் தொழில்நுட்பத்தில் எதிரும் புதிரும். ஆனால் ஒன்றில் அவர்களுக்குள் வேறுபாடே இல்லை. போட்ட பணம் முதலீடு. ஆகவே வருவாய் வந்தே தீர வேண்டும். அதன் விளைவை வாடிக்கையாளர்கள் மாலை நேரங்களில் அனுபவித்தார்கள்.

என்.பி.என். நேரடியாக வீடுகளுக்கு விற்பதில்லை. டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், டி.பி.ஜி. போன்ற சில்லறை நிறுவனங்களுக்கு விற்கும். அவர்களிடம் இரண்டு கட்டணம் வாங்கியது. ஒன்று, இணைப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று மாத வாடகை. இன்னொன்று, ஒரு வட்டாரத்தின் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து வாங்கும் கொள்ளளவுக்கு ஒரு மெகாபிட்டுக்கு மாதம் 20 டாலர். வீட்டுக்கு அகலமான குழாய் போட்டுக் கொடுத்துவிட்டு, மேல்நிலைத் தொட்டியில் நிற்கும் தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் காசு கேட்டது போன்ற ஏற்பாடு அது. லாபம் மெலிந்த சில்லறை நிறுவனங்கள் கொள்ளளவைச் சிக்கனமாக வாங்கின. 2017 வாக்கில் ஒரு வாடிக்கையாளருக்கு அவர்கள் வாங்கியது சராசரியாகச் சுமார் 1 மெகாபிட். குடும்பம் முழுவதும் இரவு உணவுக்குப் பிறகு படம் பார்க்க உட்காரும் நேரத்தில் இணையம் தவழ்ந்தது. கட்டணம் 17.50, பிறகு 15.25 எனக் குறைந்தாலும், பல்லாண்டு தள்ளுபடிகளுக்குப் பிறகே நெரிசல் தளர்ந்தது.

செப்புக் கம்பி வழி இணைப்புகளில் வேறு பிரச்சினை. தெருமுனைப் பெட்டியிலிருந்து வீடு தள்ளியிருந்தால், காசு கட்டிய வேகம் வரவே வராது. 2017 நவம்பரில் போட்டி ஆணையத்தின் தலையீட்டால் டெல்ஸ்ட்ரா சுமார் 42,000 வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பித் தருவது உள்ளிட்ட நிவாரணம் அளிக்க ஒப்புக்கொண்டது. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் வந்தன.

செலவு இதற்குள் ஏறிக்கொண்டே போயிற்று. 4,100 கோடி என்று தொடங்கிய கலவைத் திட்டம் 2018இல் 5,100 கோடியைத் தொட்டது. உச்சவரம்பான 2,950 கோடி தீர்ந்த பிறகு தேவைப்பட்ட பணத்தைத் தனியார் கடனாக வாங்குவதாக இருந்தது. கட்டி முடியாத, லாபம் பார்க்காத நிறுவனத்துக்குக் கட்டுபடியாகும் வட்டியில் சந்தையில் கடன் கிடைக்கவில்லை. 2016 நவம்பரில் அரசே 1,950 கோடி டாலரை வணிக வட்டிக்குக் கடனாகக் கொடுத்தது. அப்போது பிரதமர் நாற்காலியில் டர்ன்புல்.

போட்ட மூலதனத்தில் ஒரு பகுதியை நட்டம் என்று தள்ளுபடி எழுதிவிட்டால் கட்டணத்தைக் குறைக்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் பலர். எழுதினால் அந்தத் தொகை பட்ஜெட்டில் நட்டமாக ஏறும். 2009இல் எந்தப் பக்கத்தைத் தவிர்க்க இந்த ஏற்பாடு செய்யப்பட்டதோ, அந்தப் பக்கம். எந்தக் கட்சியின் நிதி அமைச்சரும் பேனாவைத் திறக்கவில்லை.

சுற்றி வந்த பாதை

2020 செப்டம்பரில் தகவல் தொடர்பு அமைச்சர் பால் ஃப்ளெட்சர், டர்ன்புல்லின் அதே லிபரல் கட்சிக்காரர், 450 கோடி டாலர் செலவில் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தார். தெருமுனைச் செப்பில் இருந்த 20 லட்சம் வீடுகளுக்கு, கேட்டால், வாசல் வரை கண்ணாடி இழை. பணம் தனியார் கடன் வழியே. கொரோனா ஊரடங்கில் அலுவலகமும் பள்ளிக்கூடமும் வீட்டு இணையத்துக்குள் வந்துவிட்ட காலம் அது. அந்த டிசம்பரில் கட்டுமானம் முடிந்தது என்று சட்டப்படி அறிவித்தார்கள். அடுத்த மாதம், நாட்டுப்புற இணைப்புகளின் நட்டத்தை ஈடுகட்ட, நிலைத்த கம்பி இணைப்பு ஒவ்வொன்றுக்கும் மாதம் 7.10 டாலர் தீர்வை அமலுக்கு வந்தது. நகரத்துக் கட்டணத்துக்குள் பத்தாண்டாக மறைந்திருந்த மானியத்துக்கு முதன்முறையாகத் தனித் தலைப்பு கிடைத்தது.

2022இல் மறுபடி தொழிற்கட்சி ஆட்சி. அக்டோபர் பட்ஜெட்டில் மேலும் 15 லட்சம் இடங்களுக்கு இழை போட 240 கோடி டாலர் பங்கு மூலதனம். 2024 அக்டோபரில், என்.பி.என்.னை விற்காமல் பொதுவுடைமையாகவே வைத்திருக்கும் மசோதா. 2025 ஜனவரியில் பிரதமர் ஆண்டனி அல்பனீசி, செப்பில் எஞ்சியிருந்த 6,22,000 இடங்களையும் 2030க்குள் இழைக்கு மாற்ற 300 கோடி வரை அறிவித்தார். வேலை முடிந்து ஐந்து ஆண்டுகளில் விற்றுவிடுவோம் என்று 2009இல் சொன்ன அதே கட்சி இது. இந்தப் புதிய தொகைகளும் முதலீட்டுப் பக்கத்திலேயே எழுதப்பட்டன.

தூரத்து வீடுகளுக்காக 2015, 2016 ஆண்டுகளில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவிய இரண்டு ஸ்கை மஸ்டர் செயற்கைக்கோள்களின் கதையும் திசை மாறிவிட்டது. ஈலான் மஸ்க்கின் ஸ்டார்லிங்க் தாழ்வட்டப் பாதையில் வேகமான இணைப்பைக் கொண்டுவந்து நாட்டுப்புற வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டது. 2025 ஆகஸ்டில் என்.பி.என். தன் செயற்கைக்கோள்களுக்குப் பதிலாக அமேசானின் செயற்கைக்கோள் தொகுப்பைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஆஸ்திரேலியா 4,300 கோடியை அறிவித்த அதே 2009இல், டாஸ்மன் கடலுக்கு அப்பால் நியூசிலாந்தின் ஜான் கீ அரசும் இதே வேலையைக் கையில் எடுத்தது. அங்கே அரசு ஒதுக்கியது 150 கோடி நியூசிலாந்து டாலர். நாடு முழுக்க ஒரே அரசு நிறுவனம் என்று போகாமல், பகுதி பகுதியாகப் பிரித்து, உள்ளூர் மின் நிறுவனங்களையும் கூட்டாளிகளாகச் சேர்த்தார்கள்; போட்ட பணம் சுழன்று திரும்பி வரும்படி ஏற்பாடு செய்தார்கள். பெரும்பங்கு வேலையைப் பெற விரும்பிய அந்நாட்டுப் பழம்பெரும் தொலைபேசி நிறுவனம், அதற்கு விலையாக 2011இல் தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொண்டது. எதை ட்ருஹியோ 12 பக்கக் கடிதத்தில் தடுக்கப் பார்த்தாரோ, அதை அங்கே பங்குதாரர்களே வாக்களித்து நிறைவேற்றினார்கள். அது ஏன் நடந்தது, எப்படி நடந்தது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)